கழிச்சோ? கழிச்சு!

ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தால் அதில் மூன்று வகை மனிதர்கள் இருப்பார்கள். வைத்தியம் பார்க்கிறவர்கள் ஒரு வகை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் மூன்றாவது வகை. முதல் இரண்டு வகையைப் பற்றியும் எல்லோரும் புகழ்ந்தோ திட்டியோ எழுதியாயிற்று. மூன்றாமவரை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. திருவனந்தபுரத்தில் அவருக்குக் கூட்டிருப்புக்காரர் என்று பெயர். ஆஸ்பத்திரிக்காரர்களின் பாஷையில் பைஸ்டாண்டர். இங்கிலீஷ் படித்தவர்களைக் கேட்டால், பக்கத்தில் சும்மா நிற்கிறவர் என்று அர்த்தம் சொல்வார்கள். சுத்தத் தவறு. அவர் நிற்கவும் மாட்டார், சும்மா இருக்கவும் மாட்டார்.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அட்மிட் ஆகிற அன்றைக்கு நோயாளி ஒரு சின்னப் பையோடு வருவார். கூட்டிருப்புக்காரர் தலையணை, போர்வை, இரண்டு பிளாஸ்க், எலுமிச்சங்காய் ஊறுகாய், பிளக் போதாவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு நீள ஒயர், படித்து முடிக்காத ஒரு வாரத்துப் பேப்பர் என்று ஒரு குடித்தனத்தையே தூக்கிக்கொண்டு வருவார். அறைக்குள் நுழைந்ததும் நோயாளி எங்கே படுக்க வேண்டும் என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, அதற்குத்தான் சிஸ்டர்கள் இருக்கிறார்களே. ஃபேன் காற்று கூட்டிருப்புக் கட்டிலுக்கு வருகிறதா, வென்னீர் எந்தக் குழாயில் வருகிறது, கான்டீனில் வடை எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், லிஃப்ட் எந்த மாடியில் அடைத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் அவர் ஒரு பொழுதுக்குள் தெரிந்துவைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் செக்யூரிட்டி அவருக்கு சல்யூட் அடிப்பார். நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டால் அதே செக்யூரிட்டிக்குத் தெரியாது.

இந்த வகையில் வலியசாலை கிராமத்தெரு பட்டாபியை மிஞ்ச ஆள் கிடையாது. சர்க்கார் ஆபீசில் செக்ஷன் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையரானவர். ரிட்டையரான மறுநாளே அவருக்குக் குடும்பம் வேறு வேலை போட்டுக் கொடுத்துவிட்டது. யாருக்கு எந்த உறுப்பு கெட்டுப்போனாலும் முதலில் பட்டாபிக்குத்தான் போன். ஒருத்தருக்குக் கண்புரை, ஒருத்தருக்குக் குடல்வால், ஒருத்தருக்கு முட்டி என்று எல்லாவற்றுக்கும் கூட்டிருந்தார். அவர் மட்டும் ஒரு நாளும் நோயாளியாகப் படுத்தது கிடையாது, அதற்கு நேரம் கிடைத்தால்தானே?

இந்த முறை படுத்தவர் வெங்கிடேஷ். பட்டாபியின் மனைவி சூடாமணிக்கு உடன்பிறந்த தம்பி. ஆகவே பட்டாபி அவருக்கு அத்திம்பேர். குடலில் அடைப்பு என்று வயிற்றைத் திறந்து, அடைப்பை எடுத்து, தைத்து, அறைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இனிமேல் இரண்டே காரியம்தான் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். வெங்கிடேஷுக்கு இரண்டும் வரவில்லை. வாய் கசந்தது. இரண்டு ஸ்பூன் உள்ளே போனதும் வயிறு போதும் என்றது. கண்ணை மூடினால் தையல் இழுத்தது. இதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் இருப்பதுதான், பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று சிஸ்டர்கள் சொன்னார்கள். சாய்த்து உட்கார வைத்து இரண்டு மணிக்கூருக்கு ஒருதரம் சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள், தூங்குகிற நேரத்தில் சத்தமும் வெளிச்சமும் வேண்டாம் என்று பட்டாபியிடம்தான் விளக்கினார்கள். பட்டாபி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சூப்பிரண்டாக இருந்தபோது மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் ஆட்டிய அதே தலைதான்.

வெங்கிடேஷின் மனைவி மீரா பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு போடுகிறேன் என்றாள். ராத்திரியாவது நான் இருக்கிறேன் என்றாள். "நீ எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்று பட்டாபி அவளை அனுப்பிவைத்துவிட்டார்.

தூங்கவைக்கும் கலையை முதலில் பார்ப்போம். வெங்கிடேஷ் எப்படியோ புரண்டு, எப்படியோ மூச்சை இழுத்து விட்டு, கண் சொருகுகிற அந்தப் பொன்னான கணத்துக்காகப் பட்டாபி காத்திருப்பார் போலிருக்கிறது.

"வெங்கிடு! ஏ வெங்கிடு!"

"என்ன அத்திம்பேர்?"

"தூங்கறயா?"

"இப்பத்தான்..."

"தூங்கு, தூங்கு. தூங்கறவாளை எழுப்பப்படாதுன்னு சிஸ்டர் பறஞ்சிருக்கா."

 மறுபடி கண் சொருகும். அதற்குள் போன் அடிக்கும். நாகர்கோவிலிலிருந்து ஒரு பெரியம்மா, சென்னையிலிருந்து ஒரு மன்னி, துபாயிலிருந்து ஒரு மருமான் என்று குடும்பம் முழுக்க அவரிடம்தான் செய்தி கேட்கும். "குசாலா இருக்கான். தூங்கறானான்னா கேக்கறேள்? இருங்கோ, கேட்டுச் சொல்றேன்" என்பார். கேட்கவும் செய்வார். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதா என்று தெரிந்துகொள்ள லைட்டைப் போட்டுப் பார்ப்பார். உறுத்துகிறது என்று தெரிந்ததும் அணைத்துவிட்டு, கடமையை முடித்த திருப்தியில் கூட்டிருப்புக் கட்டிலில் சாய்வார். சாய்ந்த மறு நிமிஷம் ஒரு குறட்டை கிளம்பும். அது ஜன்னல் கண்ணாடியை நடுங்கவைத்து, வராந்தாவில் போகிற டிராலியை நிற்கவைத்து, விடியும்வரை ஓயாமல் போகும். காலையில் எழுந்து முகம் கழுவினதும் அதே மன்னிக்குப் போன் போட்டு, "ரா முழுக்க ஒரு பொட்டுக் கண் மூடலை, கேட்டேளோ!" என்பார். வெங்கிடேஷ் அதைக் கேட்டுக்கொண்டு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வகையில் அது உண்மைதான், கண் மூடாத ஆள் மட்டும் வேறு.

சாப்பாடு இன்னும் நுட்பமான விஷயம். வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்தவருக்கு எச்சில், பத்து பார்க்கிற ஆசாரமெல்லாம் உயிர். நோயாளி வாய் வைத்ததை அவர் தொடமாட்டார். அதே சமயம், அன்னத்தைத் திருப்பி அனுப்புவது அவரைப் பொறுத்தவரை மகாபாவம். இந்த இரண்டு தர்மங்களையும் காப்பாற்ற அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தட்டு வந்ததும், எச்சில் படுவதற்கு முன்னாலேயே பாகம் பிரித்துவிடுவார். குழைந்த கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, தயிர், அவித்த ஏத்தப்பழம் என்கிற நேந்திரம் பழம் எல்லாவற்றிலும் வெங்கிடேஷால் எவ்வளவு முடியும் என்று அவரே ஒரு மதிப்புப் போட்டு, இரண்டு ஸ்பூன் அளவுக்கு ஒரு மூடியில் எடுத்து வைப்பார். மிச்சம் எச்சில் படாமல் சுத்தமாக இருக்கும். அதை என்ன செய்வது?

"இந்தக் கஞ்சில உப்பே இல்லைடா. நீ எப்படிச் சாப்பிடுவே?" என்று ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார்.

"எனக்கு வேண்டாம் அத்திம்பேர். நீங்களே சாப்டுங்கோ" என்று முதல் நாள் வெங்கிடேஷ்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தை பட்டாபிக்கு ஆயுசுக்கும் போதுமான உத்தரவாகிவிட்டது. அதற்கப்புறம் பகல் ராகிக் கஞ்சி, சாயங்காலத்துச் சத்துமாவுப் பால், ராத்திரி இட்டலி என்று எதற்கும் அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது அல்லவா?

தட்டு காலியானதும் வினீத் வருவார். அந்த மாடியில் பகல் டியூட்டி பார்க்கிற ஆண் நர்ஸ், கோட்டயத்துப் பிள்ளை, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வாசலில் நின்றபடியே கேட்பார்.

"கழிச்சோ?"

"கழிச்சு" என்பார் பட்டாபி.

"முழுவனும்?"

"முழுவனும்."

தமிழ்நாட்டு வாசகர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இது வயிற்றுப்போக்கைப் பற்றிய விசாரணை அல்ல. மலையாளத்தில் கழிச்சோ என்றால் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. நம்முடைய வினைச்சொல்லுக்கு வால் உண்டு. சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டான், சாப்பிட்டார் என்று வாலைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். மலையாளத்தில் அந்த வாலை எந்தக் காலத்திலோ கழற்றி வைத்துவிட்டார்கள். நான் தின்றாலும் கழிச்சு, நீ தின்றாலும் கழிச்சு, பக்கத்து வீட்டுப் பூனை தின்றாலும் கழிச்சுதான். வினீத் நோயாளியைப் பற்றிக் கேட்டார். பட்டாபி தன்னைப் பற்றிச் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. கழிச்சு என்று சொன்னார், கழித்திருந்தார். வெறும் தட்டும் சாட்சி சொன்னது. "உறங்கியோ?" என்ற கேள்விக்கும் "நல்லவண்ணம் உறங்கி" என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமல் பதில் சொன்னார். ஆக, நோயாளி முழுத் தட்டும் சாப்பிடுகிறார், விடிய விடியத் தூங்குகிறார் என்று சார்ட்டில் ஏறிக்கொண்டே போயிற்று. இவ்வளவு நன்றாகத் தூங்குகிறவருக்குத் தூக்க மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம், வெங்கிடேஷுக்கு வாய் இல்லையா என்று. இருந்தது. ஆனால் வந்திருப்பவர் அக்காவின் புருஷன். தன் வேலையை விட்டு (என்ன வேலை என்று கேட்காதீர்கள்) தனக்காக வந்து உட்கார்ந்திருப்பவர். சாப்பிடுங்கோ என்று சொன்னதும் தான்தான். சொன்ன வாயால் எப்படிப் புகார் சொல்வது? சொன்னால் சாயங்காலத்துக்குள் வலியசாலை முழுக்க, "பட்டாபி ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திருடித் தின்னாராம்" என்று பரவிவிடும். அக்கா தெருவில் தலைகாட்ட முடியாது. அதனால் அவர் பேசாமல் படுத்திருந்தார். தூக்கமில்லாத தலை ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள், அத்திம்பேர் பதில் சொல்லி முடித்துவிடுவார் என்பதும் ஒரு காரணம்.

எடை மெஷின் மட்டும் யாருக்கும் மரியாதை பார்க்கவில்லை. தினமும் காலையில் வெங்கிடேஷை அதில் ஏற்றுவார்கள், முள் இறங்கியிருக்கும். அவர் இறங்கினதும், சும்மா இருக்கிற மெஷின்தானே என்று பட்டாபி ஏறுவார், முள் ஏறியிருக்கும். "பாத்தயா, டென்ஷன்ல எனக்கு உடம்பு ஊதறது!" என்று கவலைப்படுவார். வெங்கிடேஷின் எடை வேறெங்கும் தொலைந்து போகவில்லை. அதே அறையில்தான் இருந்தது.

ஆனால் டாக்டருக்கு அது தெரியாதே! வியாழக்கிழமை ரவுண்ட்ஸில் அவர் சார்ட்டைப் பார்த்தார், வெங்கிடேஷின் ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தார், மறுபடி சார்ட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. முழுசாகச் சாப்பிடுகிறார், முழுசாகத் தூங்குகிறார், ஆனாலும் உடம்பு கரைகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றார். சனிக்கிழமை ஸ்கேன். ஸ்கேனிலும் பிடிபடவில்லை என்றால் வயிற்றை மறுபடி ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டி வரலாம். நிதானமாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

 வெங்கிடேஷின் கை தானாகத் தையல் மேல் போயிற்று. மீராவிடம் இதை எப்படிச் சொல்வது? பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற ஜானவியிடம் என்ன சொல்வது? பசியே இல்லாத வயிற்றில் பயம் மட்டும் நன்றாக இறங்கியது.

பட்டாபி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பேடிக்காதேடா. டாக்டர் சொன்னாக் கேக்கணும். திறந்து பாக்கட்டும். நான் இருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வெங்கிடேஷை நிஜமாகக் கலங்க அடித்தது.

மத்தியானம் தட்டு வந்தது. பாகம் பிரிந்தது. பாகம் போனது. ஏத்தப்பழத்தின் கடைசித் துண்டு பட்டாபியின் வாயில் இருக்கும்போது கதவு திறந்தது. வந்தது வினீத் அல்ல, கௌசல்யா சிஸ்டர். வேறு மாடியிலிருந்து அன்றைக்குத்தான் இங்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். வார்டில் அவர் பேச்சு முழுக்க மலையாளம்தான். பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் என்பது அவராகச் சொன்னால்தான் தெரியும். அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"சாமி, கழிச்சோ?"

பட்டாபி விழுங்கினார். "கழிச்சு."

"முழுவனும்?"

"முழுவனும்."

"ராத்திரி உறங்கியோ?"

"சுகமாயிட்டு உறங்கி."

கௌசல்யா பேனாவைத் திறந்தார். வெங்கிடேஷ் அந்தப் பேனாவைப் பார்த்தார். அது எழுதப்போவது சாப்பாட்டுக் கணக்கு மாதிரி அவருக்குத் தோன்றவில்லை, தன் வயிற்றின் மேல் கோடு போடப்போகிற மாதிரி இருந்தது. சொல்லாமல் இருந்தால் கத்தி. சொன்னால் அத்திம்பேர் மானம் போய்விடும்.  அத்திம்பேரைக் குற்றம் சொல்ல வேண்டாம், புகார் எதுவும் வேண்டாம். விட்டுப்போன வாலை மட்டும் ஒட்டவைத்தால் போதாதா? சிஸ்டருக்குப் புரிந்தால் புரியட்டும்.

"சாப்ட்டார்" என்றார் வெங்கிடேஷ்.

பட்டாபி திரும்பினார். "என்னடா?"

"நன்னாத் தூங்கினார்" என்றார் வெங்கிடேஷ், கண்ணை மூடிக்கொண்டு.

எந்த மனிதனும் தன்னைத்தானே மரியாதையாகச் சொல்லிக்கொள்வது கிடையாது. சாப்பிட்டேன் என்பான், தூங்கினேன் என்பான். சாப்ட்டார் என்றால் வேறு ஒருத்தர், அதுவும் மரியாதைக்குரிய ஒருத்தர். அந்த அறையில் மரியாதைக்குரியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மீசையில் ஏத்தப்பழம் ஒட்டியிருந்தது.

பேனா நின்றது. "யாரு சாப்ட்டாரு?" என்று கௌசல்யா கேட்டார். சுத்தமான தமிழ். பட்டாபிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சிஸ்டருக்குத் தமிழ் வருமா?"

"அது கெடக்கட்டும். யாரு சாப்ட்டாரு?"

"சாப்பிட்டாச்சு சிஸ்டர்."

"அதான் யாருன்னு கேக்கேன். நீங்க சாப்ட்டீங்களா, அவரு சாப்ட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"தட்டு காலியோல்லியோ? கழிச்சோன்னு கேட்டேள், கழிச்சுன்னு பறஞ்சேன். இதுல கள்ளம் எங்கேர்ந்து வந்தது?"

 கௌசல்யா வராந்தாவிலிருந்து எடை மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். "இதுல ஒண்ணு ஏறுங்க சாமி."

"தினம் ஏறிண்டுதானே இருக்கேன்! டென்ஷன்ல ஊதிப்போச்சு" என்று பட்டாபி பெருமையோடு ஏறினார். கௌசல்யா முள்ளைப் பார்த்தார், அவர் மீசையைப் பார்த்தார், மூடியில் ஆறிப்போயிருந்த இரண்டு ஸ்பூன் கஞ்சியைப் பார்த்தார். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வெங்கிடேஷும் சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது.

சிரித்து முடிந்ததும் சிஸ்டர் வெங்கிடேஷ் பக்கம் திரும்பினார். "இது மொதல்லயே சொல்லப்படாதா? வயித்த அறுக்க விட்டுட்டு மரியாதை பாத்துட்டிருப்பீங்களா?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தார். அது நியாயம்தான். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். ஸ்கேன் தள்ளிப்போயிற்று. தூக்க மாத்திரை திரும்பி வந்தது. அன்றிலிருந்து சின்னக் கிண்ணத்தில் கஞ்சி வந்தது. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, சிஸ்டர் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, தீர்கிறவரை பக்கத்தில் நின்றார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். போனுக்கும் போன் பேசுகிறவருக்கும் அறைக்குள் இடமில்லாமல் போயிற்று.

அப்படியானால் பட்டாபியைத் துரத்திவிட்டார்களா? அப்படிச் செய்ய கௌசல்யா அசடு இல்லை. வாசலில் ஒரு நாற்காலி போட்டு, "சாமி, பேஷன்டு உறங்கணும். யாரையும் உள்ள விடாதீங்க. இது உங்க டியூட்டி" என்றார். டியூட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பழைய சூப்பிரண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். பழக்கூடையோடு வந்த ஒன்றுவிட்ட தங்கையை அனுப்பினார், கூடையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு தடவை டாக்டரையே கை காட்டி நிறுத்தி, "பேஷன்ட் உறங்குகயாணு" என்றார்.

உள்ளே வெங்கிடேஷ் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பிக் கேட்காததால் அவருக்கே அது தெரியவில்லை. சாயங்காலம் விழித்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. மறுபடி வலியோ என்று பயந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பசி என்று புரிந்தது. ஸ்கூலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீராவிடம், "பசிக்கறதுடி" என்றார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீராவும் அழுதுகொண்டேதான் கிண்ணத்தை எடுத்தாள். கஞ்சியில் உப்பு இல்லைதான். அவர் வழித்துச் சாப்பிட்டார்.

ஸ்கேனும் இல்லை, கத்தியும் இல்லை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வலியசாலையில் இன்றைக்கும் யார் கேட்டாலும் பட்டாபி விவரமாகச் சொல்வார். "வயத்தை மறுபடி திறக்கறேன்னுட்டான் டாக்டர். நான் வாசல்ல உக்காந்து ஒரு ஈயை உள்ள விடலை. அதான் பொழைச்சான்!" பக்கத்தில் வெங்கிடேஷ் இருந்தால் தலையாட்டுவார். அத்திம்பேர் அத்திம்பேர்தான்.

பட்டாபியை நினைத்துச் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். போன மாசம் நீங்கள்கூட ஒருத்தரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். கையில் ஆரஞ்சும் பிஸ்கட்டும் கொண்டுபோனீர்கள். அவர் கண் மூடிப் படுத்திருந்தார். தோளைத் தொட்டு, தூக்கமா என்று அன்பாகக் கேட்டீர்கள். ஒரு ஆரஞ்சை உரித்து நீட்டினீர்கள். அவர் வேண்டாம் என்றார். உரித்ததை என்ன செய்வது? அந்த நேரம் பார்த்து சிஸ்டர் வந்து, பழம் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? மலையாளத்துக்கு வால் இல்லை, நமக்கு இருக்கிறது என்று ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். நம்மிடம் 'ஆச்சு' இருக்கிறது. சாப்பிட்டாச்சு, தூங்கியாச்சு என்று சொல்லிவிட்டால் எந்த சிஸ்டராலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த தடவை அந்தச் சொல் உங்கள் வாயில் வரும்போது, அதே வாயில் ஆரஞ்சுச் சுளை ஏதாவது இருக்கிறதா என்று நாக்கால் ஒரு தடவை துழாவிப் பாருங்கள்.